மூன்று மாத அட்வான்ஸ் ஏட்டோடு சரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் இளம் தம்பதிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அட்வான்ஸ் பற்றி அதில் இரண்டே வரிதான் இருந்தது. எனக்கு அது போதவில்லை.

என் மகள் ஜெர்மனியின் தென்கோடியில் கான்ஸ்டன்ஸ் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். போன கோடையில் இரண்டு மாதம் அவளோடு இருந்துவிட்டு வந்தேன். ஏரிக்கரையில் ஒரு சின்ன நகரம், மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சுவிட்சர்லாந்து. பம்மலும் பல்லாவரமும் போல, கான்ஸ்டன்ஸும் சுவிஸ் ஊரான க்ராய்ட்ஸ்லிங்கனும் ஒட்டிக் கிடக்கின்றன. ஏரியோரம் எல்லை வேலி இருந்த இடத்தில் இப்போது சிற்பங்கள் நிற்கின்றன. சனிக்கிழமை ஆனால் சுவிஸ்காரர்கள் வந்து பை பையாகச் சாமான் வாங்கிப் போவார்கள். அவர்கள் ஊரில் விலை அவ்வளவு. வாங்கிய பொருளுக்கான ஜெர்மன் வரியையும் ஒரு பச்சைச் சீட்டில் சுங்க முத்திரை வாங்கித் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் வீடு கிடைப்பது அங்கே பெரும்பாடு. எல்லை தாண்டிப் போய் சுவிஸ் நாணயமான பிராங்கில் சம்பளம் வாங்குகிறவர்களும் இந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர்களும் தேடுகிறார்கள். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் எல்லை, ஊர் எங்கே போய்ப் பரவும்? என் மகளுக்கு வீடு அமைய ஐந்து மாதம் ஆனது. அமைந்த வீட்டிலும் அடுப்பு இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. அந்த நாட்டில் பல வீடுகளை அப்படித்தான் வாடகைக்கு விடுகிறார்களாம்.

இவ்வளவு தட்டுப்பாட்டிலும் அவள் பார்த்த ஒரு வீட்டில்கூட மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவில்லை. அந்நாட்டுச் சட்டம் அதற்கு மேல் விடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாகப் போட்டு வைக்க வேண்டும், வட்டி குடியிருப்பவருக்கு. இதைக் கேட்டபோது எனக்கு வேளச்சேரியில் குடியிருந்த என் மகன்தான் நினைவுக்கு வந்தான். இருபதாயிரம் வாடகைக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ். மருமகளின் நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தார்கள். காலி செய்தபோது வெள்ளையடிக்க என்று 25,000 பிடித்துக்கொண்டு, மீதியை அடுத்த ஆள் வந்த பிறகுதான் கொடுத்தார் வீட்டுக்காரர். நாலு மாதம் ஆனது. அதுவரை நகைக்கு வட்டி கட்டியது இவர்கள்.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமும் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது. கூடவே, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்றும் இடம் விட்டிருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டார்?

வீட்டுக்காரர்களின் பயமும் எனக்குத் தெரியும். நங்கநல்லூரில் எங்கள் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு முறை வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி என்று விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்தப் பாக்கி ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வரவில்லை. பத்து மாதப் பணம் எதற்கு? ஆறு மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்த நாங்கள், போன மாதம் குடிவந்தவர்களிடம் மூன்று மாதம்தான் வாங்கினோம். அதை வங்கியில் தனியாகப் போட்டு, ரசீதின் நகலையும் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.

எல்லோரும் தாங்களாகவே இப்படிச் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் அரசிடம் கேட்கிறேன். 'வேறு ஒப்பந்தம்' என்ற அந்த வாசலை அடைத்துவிடுங்கள். அட்வான்ஸைத் தவணையில் கட்டும் உரிமையையும் சட்டத்திலேயே எழுதுங்கள். உங்கள் பத்திரிகையும் இதைத் தொடர்ந்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை