ஏழாவது வயலை நீக்கச் சொன்ன குழுவுக்கு

முனைவர் பட்ட ஆய்வுக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

என் ஆய்வேடு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. முதல் முறை பக்க ஓரம் அரை அங்குலம் குறைவு என்றீர்கள். இரண்டாம் முறை உறுதிமொழிப் பக்கம் இடம் மாறியிருந்தது. இரண்டும் என் பிழைகள்; திருத்தினேன், மறுபடி பைண்டிங் செய்தேன், தாமதக் கட்டணமும் கட்டினேன். இந்த முறை நான்காம் இயலின் தலைப்பில் பச்சை மையில் இரண்டே வரிகள்: "வரிசைமாற்றச் சோதனை ஏற்கத்தக்கதல்ல. டி சோதனை செய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்." கீழே கையெழுத்து இருக்கிறது. காரணம் இல்லை. நான் செய்த வரிசைமாற்றச் சோதனை, நடந்திருக்கக்கூடிய எல்லா விதங்களையும் எண்ணிப் பார்ப்பது; நீங்கள் கேட்கும் டி சோதனை, சராசரி வேறுபாட்டை எண்களின் சிதறலோடு ஒப்பிட்டு அட்டவணை பார்ப்பது.

நான் கேட்பது சிறியது. ஏன் ஏற்கத்தக்கதல்ல என்று எழுத்தில் தாருங்கள். அல்லது அந்த இயலை மட்டும் புள்ளியியல் படித்த வெளித்தேர்வாளர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திட்டவர்கள் நீங்கள்தான். கன்னடியன் கால்வாயின் கடைமடையில் பிசான நெல்லுக்குக் கொழுஞ்சித் தழையைப் பசுந்தாள் உரமாக மிதித்தால் விளைச்சல் கூடுகிறதா என்பது என் கேள்வி. பதினான்கு பேர் வயல் தந்தார்கள். ஒவ்வொரு வயலையும் நடுவில் வரப்புப் போட்டு இரண்டாகப் பிரித்தோம். எந்தப் பாதிக்குத் தழை, எந்தப் பாதி சும்மா என்பதை வரப்பில் நின்று நாணயம் சுண்டி முடிவு செய்தோம். சுண்டியவர்கள் அந்தந்த வயல்காரர்கள். தேதியும் விழுந்த பக்கமும் அவர்கள் கையெழுத்தோடு பின்னிணைப்பில் இருக்கின்றன.

அதன் பிறகு 2023 டிசம்பர் 17, 18 வந்தது. அந்த இரண்டு நாட்களைப் பற்றித் திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. நட்டு ஒரு மாதமான பயிர் ஏழு வயல்களில் இருந்த இடம் தெரியவில்லை. மிஞ்சியவை ஏழு.

"மாதிரி அளவு 30க்குக் குறைவு" என்று போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சொன்னார். உண்மைதான் ஐயா. அந்தக் குறையை ஆற்றிடம் எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஏழு வயல்களில் அறுத்துத் தூற்றி எடை போட்டோம். ஐந்து சென்ட் அளவுக்கு, தழை மிதித்த பாதி கூடுதலாகக் கொடுத்த நெல், கிலோ கணக்கில்: 9, 12, 7, 11, 8, 10, 62. ஏழிலும் தழை மிதித்த பாதியே முந்தியது. ஒன்றுகூடப் பின்தங்கவில்லை.

அந்த 62 ஒரு ஆச்சியின் வயல். கால்வாய் உடைப்பில் வந்த மணல் அவர் வயலின் வடக்குப் பாதியில் பெரும்பகுதியை மூடிவிட்டது. நாணயம் தழையைக் கொடுத்தது தெற்குப் பாதிக்கு. எழுபது வயதைத் தாண்டிய அந்த மனுஷி, முழங்கால் சேற்றில் நின்று கூடைகூடையாக மணலை வாரிக் கரையில் கொட்டினார். எல்லாவற்றையும் வார முடியவில்லை. எஞ்சிய பயிரை நான் கேட்டுக்கொண்டபடியே இரண்டு களமாக அறுத்தார். இரண்டு சாக்குகளிலும் அடையாளத்துக்கு வேறுவேறு நிறத்தில் துணி கட்டிவைத்திருந்தார். கூலியாகப் பணம் நீட்டியபோது, பிள்ளையின் படிப்புக்குத்தானே என்று கையைத் தட்டிவிட்டார். பள்ளியில் இருபது ஆண்டுகளாகத் தாவரவியல் நடத்தும் என்னைப் பிள்ளை என்று அழைக்க அவருக்கு மட்டுந்தான் இப்போது உரிமை இருக்கிறது.

இந்த வயலைப் பற்றித்தான் உங்கள் கூட்டத்துக்குப் பிறகு, படிக்கட்டில் வைத்து, எனக்கு ஓர் அன்பான யோசனை சொல்லப்பட்டது: "அந்த ஏழாவதை எடுத்துவிடுங்கள் அம்மா. மதிப்பு அழகாக வந்துவிடும்."

வரும் ஐயா. போட்டுப் பார்த்தேன். ஏழாவதை எடுத்துவிட்டால் டி மதிப்பு 12க்கு மேல் போகிறது. ஏழையும் வைத்துக்கொண்டால் 2.26. ஏழு வயல்களுக்கு (ஆறு விடுதலைப் பாகை), தற்செயலுக்கு 5 சதவீதம் மட்டுமே இடம் கொடுத்தால் அட்டவணை கேட்பது 2.447, ஆகவே "வேறுபாடு இல்லை" என்று நான் எழுத வேண்டும். இதில் உள்ள வேடிக்கையைத் தயவுசெய்து ஒரு நிமிடம் பாருங்கள். ஆச்சியின் வயலில் வேறுபாடு 62 ஆக இல்லாமல் 13 ஆக இருந்திருந்தால் அப்போதும் டி மதிப்பு 12ஐத் தாண்டியிருக்கும். அதாவது தழைக்குச் சாதகமான எடை கூடக்கூட, தழையால் பயனில்லை என்ற முடிவுக்குச் சோதனை என்னைத் தள்ளுகிறது. ஒரே ஒரு பெரிய எண் சராசரியைக் கொஞ்சம் உயர்த்தி, திட்ட விலக்கத்தை அதைவிட வேகமாக ஊத வைப்பதால் வரும் வினை இது. பரவல் மணி வடிவத்தில் இருக்கும் என்ற அனுமானம் வெள்ளத்தோடு போய்விட்ட பிறகும் அந்த அட்டவணையையே கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

நான் செய்தது இதுதான். தழையால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொண்டேன். அப்படியானால் ஒவ்வொரு வயலிலும் எந்தப் பாதி எவ்வளவு விளையும் என்பது தழையைச் சார்ந்ததல்ல. "தழைப் பாதி" என்ற பெயர் எதற்குப் போனது என்பது மட்டுமே நாணயத்தின் வேலை. ஆச்சியின் நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால், அதே மணல், அதே வடக்குப் பாதி, ஆனால் என் ஏட்டில் கூட்டல் 62 இருக்கும் இடத்தில் கழித்தல் 62 இருந்திருக்கும். ஏழு நாணயங்கள் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 128. ஒவ்வொன்றுக்கும் கூட்டுத்தொகை போட்டேன். எனக்குக் கிடைத்தது 119. அந்த அளவுக்கு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து நிற்பவை 128இல் இரண்டுதான்: எல்லாம் கூட்டல், எல்லாம் கழித்தல். 2/128 என்றால் 0.0156. தழையால் பயனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு சாய்வதற்கான இந்த நிகழ்தகவுதான் பி மதிப்பு; அது வழக்கமான 0.05 எல்லைக்குக் கீழே இருக்கிறது. மணிவடிவ வளைவு வேண்டாம், 30 வயல் வேண்டாம், யாரையும் நீக்கவும் வேண்டாம். நிகழ்தகவு வரப்பில் சுண்டிய காசிலிருந்து வருகிறது.

புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் ஆடிய எந்தப் பெண்ணுக்கும் இதைச் சொன்னால் புரிகிறது. (தேய்த்த புளியங்கொட்டை நேர்மையாக விழாது என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் நாணயம்.) பதினோராம் வகுப்புக் கணக்கில் வரிசைமாற்றங்களும் சேர்வுகளும் நாமே சொல்லிக்கொடுக்கிறோம். ஆய்வுக் குழுவுக்கு வந்ததும் அது ஏற்கத்தக்கதல்லாமல் போய்விடுகிறது.

புதுமோஸ்தர் என்று நினைத்துவிட வேண்டாம். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் எழுதிய சோதனை வடிவமைப்பு நூலில் டார்வினின் மக்காச்சோளச் செடிகளை எடுத்துக்கொள்கிறார். 15 இணைகள், 32,768 விதமான குறிமாற்றங்கள். அத்தனையிலும் கிடைத்த வேறுபாட்டை எட்டுபவை எத்தனை என்று கணினி இல்லாத காலத்தில் எண்ணினார். விடை 5.267 சதவீதம், டி சோதனை கொடுத்தது 4.97 சதவீதம். இரண்டும் அருகருகே வந்ததைக் காட்டி டி சோதனைக்கு அவர் நற்சான்று கொடுத்தார். எண்ணிப் பார்ப்பதுதான் மூலம், சூத்திரம் அதற்குக் குறுக்குவழி என்ற கருத்தை மறு ஆண்டே வெளிப்படையாக எழுதினார். 1937இல் டாஸ்மேனியாவிலிருந்து பிட்மன் என்ற புள்ளியியலாளர் இதைப் பொதுமுறையாக வளர்த்தார். அந்த ஃபிஷர் 1938 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்து முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமையும் தாங்கிவிட்டுப் போனார். கல்கத்தாவிலிருந்து நம் ஊருக்கு ரயில் கொஞ்சம் தாமதம் போலிருக்கிறது.

இன்னொரு உறுப்பினர் கருணையோடு ஒரு வழி சொன்னார். வில்காக்சன் சோதனை என்றால் பரவாயில்லை, அது எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் மெனுவில் இருக்கிறது என்றார். 1945இல் வில்காக்சன் செய்ததும் இதையே. கிலோவுக்குப் பதில் தரவரிசை எண்களை வைத்துக் குறிகளை மாற்றிப் பார்த்தார். என் ஏழு எண்களுக்கு அதன் துல்லிய விடையும் 2/128. மெனுவில் பெயர் இருந்தால் ஏற்கலாம், கையால் எண்ணினால் கூடாது என்பது எந்த விதியில் இருக்கிறது? உழவர்களிடம் நான் கிலோவில் பேச வேண்டியவள். தரவரிசையில் பேசினால் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

"ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை மாறுகிற முறை அறிவியலா?" என்ற கேள்வியும் வந்தது. 128ஐயும் முழுதாக எண்ணும்போது விடை மாறாது. எண்ணிக்கை லட்சக்கணக்கில் போகும்போதுதான் அவற்றில் 9,999ஐக் குலுக்கி எடுப்பார்கள். கிடைத்த தரவையும் ஒன்றாகச் சேர்த்து 10,000ஆல் வகுப்பார்கள். பி மதிப்பு ஒருபோதும் பூஜ்யம் ஆகாமல் இருக்க அந்த ஒன்று. அப்போது விடை சற்றே அசையும், குலுக்கலின் தொடக்க எண்ணைக் குறித்துவைத்தால் அதுவும் அசையாது. பி மதிப்பு "0.000" என்று அச்சிட்ட எத்தனையோ ஆய்வேடுகளுக்கு இதே அறையில் பட்டம் கிடைத்திருக்கிறது என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடைச் சுவர்களில் "டேட்டா அனாலிசிஸ் செய்து தரப்படும்" என்ற அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்களைக் கொடுத்தால் மாலைக்குள் டி சோதனை, அனோவா, வண்ணப் படம், விளக்கவுரை எல்லாம் வந்துவிடும். என்ன கேள்வி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அப்படி வந்த இயல்கள் எந்தப் பச்சை மையும் படாமல் தேறுகின்றன. எண்ணியதை எண்ணியபடி எழுதியவள் பள்ளியில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு உங்கள் வராண்டாவில் நிற்கிறாள். கட்டணத்தை மட்டும் ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறீர்கள்; காரணத்தை நேரில்கூடக் கொடுப்பதில்லை.

மன்னிக்க வேண்டும். குரல் உயர்ந்துவிட்டது.

என் இயலில் கேட்க வேண்டிய கேள்விகள் இல்லாமல் இல்லை. இந்தச் சோதனை இந்த ஏழு வயல்களைப் பற்றித்தான் பேசுகிறது. அம்பாசமுத்திரத்துக்கோ இராதாபுரத்துக்கோ அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வெள்ளம் விட்டுவைத்த வயல்கள் எந்த வகையில் வேறுபட்டவை என்று கேட்கலாம். மணல் மூடிய பாதியை வைத்துக்கொண்டு சராசரி 17 கிலோ என்று எழுதினால் அது ஏமாற்று. அதனால்தான் நடு எண்ணான 10ஐ முன்னால் எழுதியிருக்கிறேன். குறிகளை வயலுக்குள்ளேயே மாற்ற வேண்டும், ஒரு வயலின் நெல்லை இன்னொரு வயலின் நெல்லோடு கலந்து குலுக்கக் கூடாது. அதைச் சரியாகச் செய்தேனா என்றும் கேட்கலாம். இவற்றில் ஒன்றையாவது கேட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. ஒருவரும் கேட்கவில்லை.

ஆச்சியின் வயலை நீக்கினால்கூட என் முறையில் 2/64, அதாவது 0.031 வருகிறது, தேறிவிடும். ஆகவே நீக்க மறுப்பது பட்டம் போய்விடும் என்ற பயத்தால் அல்ல. அறுத்து, துணி கட்டி, எடை போட்டுத் தந்தவரின் நெல்லை, அட்டவணைக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக நடக்காததாக எழுத என் கை வரவில்லை.

ஆகவே மறுபடியும் அதே வேண்டுகோள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள்; அல்லது நான்காம் இயலைப் புள்ளியியல் அறிந்த ஒருவருக்கு அனுப்புங்கள். அவர் தவறு என்று காட்டினால் அந்த இயலை நானே எடுத்துவிடுகிறேன். அடுத்த கூட்டத்தின் தேதியை முன்கூட்டியே தெரிவித்தால், பள்ளியில் விடுப்புச் சொல்ல வசதியாக இருக்கும்.

128 வரிகளையும் கையால் எழுதிய நான்கு தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் வரியையும் கடைசி வரியையும் சிவப்பில் அடிக்கோடிட்டிருக்கிறேன். சரிபார்க்கக் கால்குலேட்டர்கூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதிநேர ஆய்வாளர் ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டம்.