எம்எல்ஏ ஏன் எழவுக்கு வர்றாருன்னு கேட்டியே

கண்ணு,

நல்லா இருக்கியா. இங்க வெயிலு மண்டைய பொளக்குது. பின்வீட்டு தாத்தா செத்தப்ப எம்எல்ஏ வந்து மாலை போட்டத சொன்னா "இதுக்காம்மா ஓட்டு போட்டு அனுப்புனீங்க, எங்க ஜெர்மனியில எம்பி மூஞ்சிய நான் பாத்ததே இல்ல"ன்னு சிரிச்சியே, அதையே நெனச்சிக்கினு படுத்தேன்.

அவரு தாத்தாவுக்காக வர்லடா. மாலை போட்டுட்டு கெளம்பாம பந்தல்லயே சேர்ல பத்து நிமிஷம் உக்காந்து, பேரனுங்க எத்தினி பேரு, யாரு யாரு எங்க இருக்காங்கன்னு விசாரிச்சாரு, எனக்கு ஓட்டு எண்ற மாதிரியே இருந்துச்சி. பக்கத்துல காட்பாடியில அத்தினி வருஷமா நின்னு ஜெயிச்ச துரைமுருகனுக்கே 2021ல 746 ஓட்டுதான் வித்தியாசம். 2019ல நம்ம வேலூர் எம்பி எலெக்‌ஷன், பணம் புடிபட்டு ரத்தாகி ஆகஸ்ட்ல வெச்சாங்களே, அதுல 8,141. ஒரு ஓட்டு ஜாஸ்தி வாங்கினவருக்கே எல்லாம், மத்தவங்களுக்கு ஒண்ணுமில்லன்னா, ஒரு பெரிய குடும்பம் மனசு கோணினா கூட போச்சி, அப்பறம் ஏன் வரமாட்டாரு.

உங்கூர்ல ஆளுக்கு ரெண்டு ஓட்டு. மொத ஓட்டு தொகுதியில நிக்கிற ஆளுக்கு, ரெண்டாவது ஓட்டு கட்சிக்கு, எந்த கட்சிக்கு எத்தினி சீட்டுன்னு அதான் முடிவு பண்ணுது, லிஸ்ட்ல யாரு பேரு மேல யாரு பேரு கீழன்னு கட்சிக்காரங்கதான் பாக்குறாங்க. நான் அங்க எம்பின்னா எழவு வூட்டுக்கா போவேன், கட்சி மீட்டிங்குக்குத்தான் ஓடுவேன். 2025ல தொகுதியில மொதல்ல வந்த 23 பேரே பார்லிமெண்டுக்குள்ள போவ முடியல, கட்சிக்கு ரெண்டாவது ஓட்டு பத்தலியாமே!

நம்மாளும் கட்சிக்கு பயந்தவர்தான், இல்லன்னு சொல்லல. 1985ல கட்சித்தாவல் தடை சட்டம் வந்ததுல இருந்து, சபையில எப்பிடி ஓட்டு போடணும்னு கட்சி சார்பா உத்தரவு போடற கொறடா பேச்சுக்கு மாத்தி ஓட்டு போட்டா பதவியே போயிடும். அதான் தெருவுல புலி, சபையில எலி. நாமளும் லேசுப்பட்டவங்க இல்ல. டீச்சரா இருந்தப்ப எத்தினி எலெக்‌ஷன் டூட்டி பாத்திருக்கேன், கியூவுல நிக்கிறவங்க பேசறது காதுல விழும், "எங்க பொண்ணு கல்யாணத்துக்கு வந்தாருப்பா"ன்னுதான் பேசுவாங்க, சட்டசபையில இன்னா பேசினாருன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல.

தாத்தா வூட்டு வாசல்ல சாக்கடை மூடி ஒடஞ்சி கெடக்குதே, எம்எல்ஏ வேட்டிய தூக்கிப் புடிச்சிக்கினு அத தாண்டித்தான் உள்ள வந்தாரு. போவும்போதும் தாண்டினாரு.

பருப்புப்பொடி பார்சல் போட்டுட்டேன், வந்து சேந்தா சொல்லு.

அம்மா