தண்டவாளம் கேட்கும் இடம்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். சூடானால் இரும்பு ஏன் விரிகிறது என்ற விடைக்கு ஏன் மார்க் குறைத்தார்கள் என்று பாப்பா கேட்டதற்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, அதற்குள் லைன் போய்விட்டது. இதை அவளுக்கு வாசித்துக் காட்டு.

சூடானால் இரும்பின் துகள்கள் ஒவ்வொன்றும் பெரிதாகும் என்று எழுதியிருக்கிறாள். மார்க் குறைத்தது நியாயம்தான். துகள் பெரிதாவதே இல்லை. திடப்பொருளில் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நின்று எந்நேரமும் அதிர்ந்துகொண்டிருக்கும். சூடு ஏற ஏற அந்த ஆட்டம் கூடும். பக்கத்துத் துகளை ரொம்ப நெருங்கினால் பலமாகத் தள்ளிவிடும். விலகும்போது அத்தனை தடை இல்லை. அதனால் ஆடுகிற ஆட்டத்தில் சராசரி இடைவெளி ஒரு துளி அகன்றுவிடுகிறது. அவ்வளவுதான் விரிவு.

பழைய 13 மீட்டர் தண்டவாளத்தில் 40 டிகிரி ஏறினால் இந்தத் துளிகள் எல்லாம் சேர்ந்து 6 மில்லிமீட்டர் வரும். அதற்காகத்தான் நான் ரயில்வேயில் இருந்தபோது இணைப்பில் சந்து விட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஃபிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டை போட்டோம். விடியற்காலையில் திறந்திருக்கும் சந்து, சித்திரை மத்தியானத்தில் மூடிக்கிடக்கும்.

இப்போது கிலோமீட்டர் கணக்கில் வெல்டிங் செய்துவிடுகிறார்கள், சந்தே கிடையாது. அப்போது நீளுவது எங்கே போகும் என்று பாப்பா கட்டாயம் கேட்பாள். நடுப்பகுதி நீளவே முடியாது. அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையும், அதில் தண்டவாளத்தை இறுக்கும் கிளிப்பும், சுற்றிக் கொட்டிய ஜல்லியும் பிடித்துக்கொள்ளும். இடம் கிடைக்காத துகள்கள் ஒன்றையொன்று நெருக்கும். பொருத்தியபோது இருந்த சூட்டைவிட 30 டிகிரி கூடினால், மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் அந்த நெருக்கல் 50 டன்னைத் தாண்டும். ஸ்லீப்பர் முனையில் ஜல்லி சரிந்து கிடந்தால் போதும், தண்டவாளம் பாம்பு மாதிரி பக்கவாட்டில் நெளிந்துவிடும். கோடையில் உச்சிவெயிலில் எங்களைத் தண்டவாளத்தோரம் நடந்து பார்க்கவிட்டது இதற்குத்தான். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது; குனிந்து, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் சின்ன நெளிவு பிடிபடும். இடுப்புவலி அந்த நாளில் வந்ததுதான்.

இன்னொன்று. இரும்பு கடைசிவரை விரிந்துகொண்டே போகாது. 912 டிகிரி செல்சியஸில் துகள்கள் வரிசை மாறி இன்னும் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் கொஞ்சம் சுருங்கும்! பிறகு மறுபடி விரியும். இதைப் பாப்பா வகுப்பில் கேட்கட்டும், டீச்சர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் சொல்லுங்கள்.

அம்மா மாவடு அனுப்பியிருக்கிறாள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா