பந்தியில் டிப்ஸ் கேட்ட விவகாரம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு சமையல் கான்ட்ராக்டரின் மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது, முகூர்த்தம் இல்லை. பித்தளை அண்டாக்களை ஈயம் பூசக் கொடுத்துவிட்டு, கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறோம். வழக்கமாக இந்தச் சமயத்தில் ஆவணி, ஐப்பசி முகூர்த்தத் தேதிகளையும் புது மெனுவையும்தான் உங்களுக்கு அனுப்புவோம். இந்த முறை அதற்கு முன்னால் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. என்ன விஷயம் என்று உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேருக்கு வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பியிருப்பார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு ரிசப்ஷன். எங்கள் மெரூன் சட்டை போட்ட ஒரு பையன் ஐஸ்கிரீம் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கைப்பேசியில் க்யூஆர் கோடைக் காட்டி, "அண்ணா, பசங்களுக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று ஒரு விருந்தாளியிடம் கேட்கிறான். சின்ன வீடியோதான். அதோடு ஒரு குரல் பதிவும் சேர்ந்து சுற்றுகிறது: "கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டயே கை நீட்ட விடுறாங்க, அந்தக் காசு மொத்தமும் ஓனர் பாக்கெட்டுக்குத்தான் போகுது."

விருந்துக்கு வந்தவரிடம் கேட்டது தப்பு, அதில் இரண்டு பேச்சில்லை. அவர் மொய் எழுதிவிட்டு வந்து சாப்பிடுகிறவர். அவர் மனம் சங்கடப்பட்டதற்கு எங்கள் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம். கல்யாண வீட்டாரிடம் நேரில் போய்ப் பேசிவிட்டோம். பையன் கல்லூரி இரண்டாம் வருஷம், சனி ஞாயிறும் முகூர்த்த நாளும் மட்டும் வருகிறவன். அவனை நிறுத்திவிடுங்கள் என்று சிலர் ஃபோன் செய்தார்கள். நிறுத்துவதாக இல்லை. கூப்பிட்டுச் சொன்னோம், அவனுக்கும் புரிந்தது.

வீடியோகூடப் பரவாயில்லை. அந்தக் குரல் பதிவைத்தான் விட முடியவில்லை.

முதலில் அந்த க்யூஆர். பரப்பியவர்களில் ஒருவராவது அதை ஸ்கேன் செய்து பார்த்திருந்தால், மேலே யார் பெயர் வருகிறது என்று தெரிந்திருக்கும். அது என் பெயர் இல்லை. என் மனைவி பெயர் இல்லை. ஆபீஸில் அட்வான்ஸ் ரசீது எழுதுகிற என் மச்சான் பெயரும் இல்லை. பையனுடைய சொந்தக் கணக்கு. எங்கள் தொழிலுக்கு இருப்பது ஒரே ஒரு க்யூஆர். ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அதை மண்டபத்துக்குக் கொண்டு போவதென்றால் மேசையோடு தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்தது, முதலாளிக்குப் பங்கு என்ற பேச்சு. நீங்கள் கொடுக்கும் கவர் என் கைக்கு வருவதே இல்லை. முகூர்த்த நாளில் மண்டபம் காலி செய்யும் நேரத்தில் நான் ஒன்று அடுத்த மண்டபத்தில் இருப்பேன், இல்லையென்றால் மறுநாள் காய்க்காக காந்தி மார்க்கெட்டில் இருப்பேன். சூப்பர்வைசரிடம் கொடுக்கிறீர்கள், அவர் பிரித்துக் கொடுக்கிறார். சம்பளம் தனி, டிப்ஸ் தனி. "மேற்கொண்டு டிப்ஸ் கிடைக்குமே" என்று சொல்லி ஆட்களின் சம்பளத்தைக் குறைத்துப் பேசுகிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். எங்களிடம் கிடையாது. அப்பா காலத்திலிருந்தே கிடையாது. எங்கள் மாஸ்டரையோ, பாத்திரம் கழுவும் அம்மாக்களையோ, யாரை வேண்டுமானாலும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் நிற்க மாட்டேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மண்டபத்தில் கை நீட்டுகிறவர்கள் எல்லாரும் சமையல் கான்ட்ராக்டரின் ஆட்கள் இல்லை. எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டர் பார்ப்பவர், வாட்ச்மேன், ரூம் சாவி கொடுப்பவர், கூட்டிப் பெருக்குபவர்கள் எல்லாம் மண்டபத்து ஆட்கள். பூ அலங்காரம் கழற்ற வருபவர்கள் வேறு. பெண் வீட்டாரிடம் ஒருவர், மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒருவர் என்று தனித்தனியாகக் கேட்பதும் நடக்கிறது. கடைசியில் பெண்ணின் அப்பாவுக்கு நூறு ரூபாய்க் கட்டும் தீர்ந்திருக்கும், யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு விட்டோம் என்பதும் மறந்திருக்கும். கெட்ட பெயர் மட்டும் சாப்பாடு போட்டவனுக்கு வந்து சேரும், ஏனென்றால் சீருடை எங்களுடையதுதான் கண்ணில் படுகிறது.

பந்தியில் கொடுப்பதை வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு உண்மையான காரணம் வேறு. நூறு இலைப் பந்திக்குப் பரிமாறப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். உங்கள் கண்ணில் படுவது அவர்கள் மட்டும்தான். அதிலும் பாயசமும் ஐஸ்கிரீமும் கொண்டு வருபவன் முகம் நினைவில் இருக்கும், மோர் ஊற்றியவன் முகம் இருக்காது. ஆனால் ஐந்நூறு பேர் கல்யாணம் என்றால் எங்கள் பக்கம் மொத்தம் முப்பது பேருக்குக் குறையாது. முதல் நாள் மதியமே வந்து பூசணியும் வாழைக்காயும் நறுக்குபவர்கள், விடியற்காலை மூன்று மணிக்கு கிரைண்டர் போடுபவர், இட்லித் தட்டில் துணி போடும் கையாள், மாஸ்டர், பிறகு எச்சில் இலை எடுப்பவர்கள், பின்கட்டில் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்க்கிற அம்மாக்கள். இவர்களில் யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? பந்தியில் கொடுத்த காசு பின்கட்டுக்கு வந்து சேராது. கைப்பேசிக்கு அனுப்பினால் இன்னும் மோசம். அது ஒருவனுடைய கணக்குக்குப் போகிறது, எவ்வளவு வந்தது என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் முடிந்து வேனில் திரும்பும்போது நடக்கிற சண்டையில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான்.

அதனால் ஆவணி முதல் முகூர்த்தத்திலிருந்து பந்தி நடக்கும்போது எங்கள் ஆள் யாரும் யாரிடமும் கேட்கமாட்டார்கள், கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். அப்படியும் யாராவது கேட்டால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், வீடியோ எடுக்க வேண்டாம். உங்களுக்குக் கொடுக்க மனமிருந்தால், கட்டுச்சாதம் ஒப்படைத்து, பாத்திரம் எண்ணி முடித்தபிறகு, ஒரே கவராக, எல்லார் முன்னாலும் சூப்பர்வைசர் கையில் கொடுங்கள். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தால் ரொம்ப சந்தோஷம். பழைய ஆட்கள் அதைப் பணத்தைவிடப் பெரிதாக நினைப்பார்கள். அவர் அங்கேயே எண்ணி, நோட்டில் எழுதி, வேன் கிளம்புவதற்கு முன் பிரித்துவிடுவார். மாஸ்டருக்கு மட்டும் ஒரு பங்கு கூடுதல், மற்ற எல்லாருக்கும் சரிசமம். பரிமாறுபவனுக்கு எவ்வளவோ, பாத்திரம் தேய்ப்பவருக்கும் அவ்வளவு. நோட்டை நீங்கள் எப்போது கேட்டாலும் காட்டுவோம்.

இந்தச் சரிசமப் பங்கு பிடிக்காமல் பரிமாறுகிற பையன்கள் சிலர் விலகிப் போய்விட்டார்கள். சிலர் சாப்பாடு டெலிவரிக்குப் போயிருக்கிறார்கள், அங்கே அன்றன்றைய கணக்கு கையில் தெரிகிறதாம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பழகின கை போனால் பந்தியில் தெரியத்தான் செய்யும். சாம்பார் வாளிக்கும் ரசத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் இரண்டு முகூர்த்தத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்று கேட்கிறீர்கள். கட்டாயம் என்று ஒன்று இல்லை. பில்லில் உள்ளதைக் கொடுத்துவிட்டு, "சாப்பாடு நன்றாக இருந்தது" என்று பின்கட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனவர்களும் எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள்தான். கொடுப்பதென்றால் எங்கள் ஆட்களில் தலைக்கு நூறு ரூபாய் என்று கணக்கு வைத்தால் தாராளம். மாஸ்டருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது பழைய வழக்கம், இன்றைக்கும் பலர் செய்கிறீர்கள்.

மற்றவர்களுக்கு எப்படி என்றும் மெனு பேச வரும்போதே விசாரிக்கிறீர்கள். நான் பார்த்த அளவில் சொல்கிறேன், சட்டம் ஒன்றும் இல்லை. சொந்தமாகத் தொழில் நடத்தி, தன் கூலியைத் தானே பேசி வாங்குகிறவருக்கு டிப்ஸ் தேவையில்லை. அதில் நானும் சேர்த்தி. எனக்குத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். ஃபோட்டோ எடுப்பவர் முதலாளி என்றால் வேண்டாம், அவருக்காக லைட் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கும் பையனுக்குக் கொடுக்கலாம். மேக்கப் போடும் அம்மாவுக்கு வேண்டாம், கூட வந்து ஜடை பின்னிய பெண்ணுக்குக் கொடுக்கலாம். வாத்தியாருக்குத் தட்சிணை, சம்பாவனை எல்லாம் முறையில் வந்துவிடுகிறது, அதில் நான் வாய் வைக்கக்கூடாது. நாதஸ்வரம், தவில் செட்டுக்குப் பேசிய தொகை போக வேட்டி துண்டு போடுவது மரியாதை. மண்டபத்தில் கழிவறை சுத்தம் செய்பவர்களைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மேனேஜர் கையில் கொடுக்காமல் அவர்கள் கையிலேயே கொடுங்கள். கார் டிரைவருக்கு முதலில் சாப்பாடு, அப்புறம்தான் காசு. ஃபோட்டோ, வீடியோ ஆட்களுக்கும் அப்படித்தான். தாலி கட்டியதிலிருந்து கடைசிப் பந்தி வரை ஓடிவிட்டு, அப்பளம் தீர்ந்த பிறகு வந்து உட்காருவார்கள். இரண்டாம் பந்தியில் அவர்களுக்கு ஐந்தாறு இலை ஒதுக்கச் சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

டிப்ஸை பில்லிலேயே சேவைக் கட்டணமாகப் போட்டுவிடலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். ஹோட்டல்களில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அது ஹோட்டல்களுக்குச் சொன்னதுதான், ஆனாலும் நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதானே. விருப்பப்பட்டுக் கொடுப்பதை பில்லில் ஏற்றி, அதற்கும் சேர்த்து உங்களிடம் 5 சதவீதம் ஜிஎஸ்டி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆட்களுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பதுதான் முறை. அதைச் செய்திருக்கிறோம். 19 கிலோ சிலிண்டர் விலை மாதத்தின் முதல் தேதியில் என்ன ஆகும் என்று தெரியாது, முகூர்த்தம் நெருங்கினால் தொட்டியம், லால்குடி இலைக்கட்டு எந்த விலைக்குப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். எனவே ஆவணி முதல் இலைக்கு 15 ரூபாய் கூடும். மெனுவில் எதுவும் குறையாது. மதியச் சாப்பாட்டில் இரண்டு பாயசம் அப்படியேதான் இருக்கும், உருளைக்கிழங்கு காரக்கறியை மாற்றுவதாகச் சொன்னது வெறும் வதந்தி.

மறுபடியும் அந்தக் குரல் பதிவுக்கே வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பேசியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, தேடவும் இல்லை. எங்கள் கையால் சாப்பிட்டவராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அதே பதிவின் கடைசியில் "சாப்பாடு என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்கிறார். அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். முழுசாக அனுப்புங்கள், அது போதும்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 2020இல் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று ஆனபோது, அந்த ஐம்பது இலைக்கும் எங்களைக் கூப்பிட்டீர்கள். தேதி தள்ளிப்போனவர்கள் பலர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை, "இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றீர்கள். அந்தப் பணத்தில்தான் எங்கள் ஆட்களுக்கு அப்போது அரிசி வாங்கிக் கொடுத்தோம். அப்பா சமைத்துப் போட்ட கல்யாணத் தம்பதிகளின் பிள்ளைகளுக்கு இப்போது நாங்கள் வளைகாப்புச் சாதம் கட்டுகிறோம். இந்த வீடியோ வந்த அன்று, "நாங்க இருக்கோம், கவலைப்படாதீங்க" என்று ஃபோன் செய்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் மனதில் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஆவணிக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான். இலை எண்ணிக்கையைக் கூட்டினால் கூடுகிற இலைக்கு மட்டும் புது விலை. ஐப்பசிக்கு இன்னும் மெனு முடிவு செய்யாதவர்கள் ஆடிப்பெருக்கு கழிந்து ஆபீஸ் பக்கம் வாருங்கள், காபி குடித்துக்கொண்டே பேசலாம்.

அன்புடன்,
உங்கள் சமையல் கான்ட்ராக்டர்,
திருச்சி

பி.கு.: வைகாசிக் கல்யாணங்களில் மிச்சச் சாம்பாரை எங்கள் எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போனவர்கள் அருள்கூர்ந்து திருப்பிக் கொடுக்கவும். அடியில் எங்கள் பெயர் வெட்டியிருக்கும். ஐந்து தூக்கு குறைகிறது. அதில் ஒன்று மூடியோடு.