வேலுக்கு எத்தனை பாயிண்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாயாஜாலக் கதைகளில் வரும் தெய்வீக ஆயுதங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவையாகத்தான் இருந்தது. ஆனால் எந்த ஆயுதத்துக்குச் சக்தி அதிகம் என்று வரிசைப்படுத்தியதோடு நின்றுவிட்டது. என் பேரனும் போனில் கேம் ஆடிக்கொண்டே, "தாத்தா, முருகன் வேலுக்கு எத்தனை பாயிண்ட் டேமேஜ்?" என்றுதான் கேட்கிறான். இப்போது வரும் தொடர்கதைகளும் அதே கணக்குதான். மூன்றாம் அத்தியாயத்தில் குகைக்குள் வாள் கிடைக்கும், நாலாவதில் எதிரிகள் எல்லாம் காலி.

எங்கள் பக்கத்துக் கதைகளில் ஆயுதம் அவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. திருவிற்குடியில் சிவன் கால் விரலால் தரையில் ஒரு வட்டம் கீறி, ஜலந்தரன் என்ற அசுரனிடம், முடிந்தால் இதைத் தூக்கித் தலையில் வை என்கிறார். அவன் பலசாலி, தூக்கியும் விடுகிறான், அதுவே சக்கரமாகி அவனைப் பிளந்துவிடுகிறது. அந்தச் சக்கரம் வேண்டும் என்று திருவீழிமிழலையில் தினம் ஆயிரம் தாமரை வைத்துப் பூசை செய்த திருமாலுக்கு ஒருநாள் ஒரு பூ குறைந்தது, தன் கண்ணையே பறித்து வைத்தார். இரண்டு ஊரும் திருவாரூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன, ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம்.

வியாச பாரதத்துக் கர்ணனும் கவசகுண்டலத்தை அறுத்துக் கொடுத்துத்தான் இந்திரனிடம் சக்தி ஆயுதம் வாங்குகிறான், அதுவும் ஒரே ஒரு தடவைக்கு. அர்ஜுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததைப் பதினாலாம் நாள் ராத்திரி கடோத்கஜன் மேல் விட்டுத் தொலைக்க வேண்டியதாகிறது. அப்புறம் கர்ணன் வெறுங்கையோடு நிற்கும் இடம்தான் கதை! வெள்ளைக்காரர் கதை மட்டும் வேறு என்று நினைக்க வேண்டாம், ஆர்தர் ராஜாவின் வாளும் ஏரியிலிருந்து வந்தது, கடைசியில் ஏரிக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. எறியச் சொல்லி ராஜா அனுப்பிய ஆளோ அதன் அழகைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை ஒளித்து வைத்து, எறிந்துவிட்டேன் என்று பொய் சொன்னான்.

நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கல் ஊர்க் கோயிலில் கந்த சஷ்டி ஐந்தாம் நாள் முருகன் வேல் வாங்குவதைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நானும் பார்த்திருக்கிறேன். அம்மனிடம் வேலை வாங்கிக்கொண்டு சன்னதிக்கு வந்து அமர்ந்ததும் சிங்காரவேலர் என்ற அந்த முருகன் முகத்தில் வியர்வை முத்து முத்தாக அரும்பும், குருக்கள் பட்டுத்துணியால் ஒற்ற ஒற்ற மறுபடியும் அரும்பும். அது எப்படி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. சூரசம்ஹாரம் மறுநாள்தான், ஆனால் ஆயுதம் கைக்கு வந்த அன்றே சாமிக்கு வியர்த்துவிடுகிறது என்று நினைத்துப் பார்த்த அந்த மனசு இன்றைக்குக் கதை எழுதுபவர்களிடம் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

உங்கள் தொடர்கதை எழுத்தாளர்களை ஐப்பசியில் ஒரு தடவை சிக்கலுக்கு அனுப்பி வையுங்கள். சாயங்காலமே வந்துவிடச் சொல்லுங்கள், நேரமானால் உள்ளே நுழையவே முடியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கீழ்வேளூர்.