செப்டம்பரில் மலையேறும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மானை வில்லால் வேட்டையாட டேக், அதாவது அனுமதிச் சீட்டு, கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வில்லின் இழுவை 35 பவுண்டாவது இருக்க வேண்டும், அம்பு முனை 7/8 அங்குல அகலமாவது இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 35 என்பது சட்டத்துக்குத்தான் போதும். கை நடுங்காமல் இழுத்து நிறுத்த முடிந்தால் 50-ல் பழகு.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை எல்க் இணை தேடும் பருவம். கொம்பன், அதாவது ஆண் எல்க், கூவினால் பதிலுக்குக் கூவத் தோன்றும். பலர் கெடுத்துக்கொள்வது அங்கேதான். பெண்மான்களை வைத்திருக்கும் பெரிய கொம்பன், எதிரி வந்துவிட்டான் என்று கூட்டத்தையே அடுத்த பள்ளத்தாக்குக்கு ஓட்டிப் போய்விடும். இருக்கிற இடம் தெரிய ஒரு கூவல் போதும். பிறகு பெண்மான் குரலை மெல்லக் கொடுங்கள். கூட்டத்தின் ஓரத்தில் திரியும் இளங்கொம்பன் பெரும்பாலும் அதற்குத்தான் வரும்.

குரலைவிடக் காற்று பெரிது. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும். திரும்புகிற அந்த நேரத்தில் நிலையில்லாமல் சுழலும்; அப்போது நெருங்காதே. சின்னப் புட்டியில் பொடி வைத்துக்கொண்டு அடிக்கடி ஊதிப் பார். கொம்பன் குரலுக்கு நேரே வராமல், காற்று போகும் பக்கம் வளைந்து வந்து மோப்பம் பார்க்கும். ஆகவே குரல் கொடுப்பதைக் கூட வருகிறவரிடம் விட்டு, அவருக்கு 50 கஜம் முன்னால், அந்தப் பக்கமாகச் சற்று ஒதுங்கி உட்கார்.

பக்கவாட்டில் நின்றால் மட்டும் அம்பு விடு. முன்னங்காலை ஒட்டிப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி பொறு. அம்பில் பச்சையாகச் சாணம் ஒட்டியிருந்தால் குடலில் பட்டிருக்கிறது, ஆறு மணி நேரமாவது காத்திரு. உடனே துரத்தினால் எழுந்து ஓடி, கிடைக்காமலே போகும்.

என் கவலையெல்லாம் இதற்குப் பிறகுதான். சுமார் 300 கிலோ உடம்பு, அடர்ந்த தோல், செப்டம்பர் வெயில். இடுப்பு மூட்டெலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும். வயிற்றைத் திறக்காமல், முதுகெலும்பு நெடுக்கத் தோலைக் கீறி ஒரு பக்கம் உரி. முன்சப்பை, பின்தொடை, முதுகுச் சதை, கழுத்துக்கறி எடுத்துவிட்டு மறுபக்கம் புரட்டு. இந்தப் பருவத்தில் கொம்பன் தன் வயிற்று மயிரில் சிறுநீர் பெய்துகொள்ளும். அந்த மயிர் கறியில் பட்டால் வாடை போகாது. அதைத் தொட்ட கத்தியையும் கையையும் கழுவாமல் கறியைத் தொடாதே. ஆணா பெண்ணா என்று காட்டும் உடல் அடையாளத்தைக் கறியோடு சேர்ந்தே விட வேண்டும், அதுவும் சட்டம். மூளையையும் தண்டுவடத்தையும் வெட்டாதே; அங்குள்ள மான்களில் நரம்பு நோய் உண்டு.

கறியைப் பருத்திப் பைகளில் போட்டு, காற்றாடும் நிழலில் தொங்கவிடு. பிளாஸ்டிக் பை வேண்டாம், சூடு உள்ளேயே அடைந்துவிடும். எலும்பு நீக்கினாலும் ஏறக்குறைய 90 கிலோ தேறும். ஒரு சுமை 25 கிலோ என்றால் நாலு நடை. கூட வருகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை பை இருக்கிறது என்று கேட்டு எழுது.

அப்பா