பீட்சா தின்னும் வீனஸ்: இத்தாலியச் சுற்றுலா அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். 2023 ஏப்ரலில் நீங்கள் தொடங்கிய 'ஓப்பன் டு மெராவிலியா' ('வியப்புக்குத் திறந்திருங்கள்') சுற்றுலா விளம்பரம் இத்தாலியர்களுக்காக எடுக்கப்பட்டதன்று. என்னைப் போல் தொலைவில் இருந்துகொண்டு, என்றாவது ஃப்ளாரன்ஸ் போகலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களை அழைக்க எடுக்கப்பட்டது. அழைக்கப்பட்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மறுமலர்ச்சிக் கால ஓவியர் பொட்டிசெல்லி காதல் தெய்வமான வீனஸைத் தீட்டிய 'வீனஸின் பிறப்பு' ஓவியத்திலிருந்து முகத்தையும் கூந்தலையும் எடுத்து, இக்கால உடை உடுத்தி, வீனஸை இன்ஃப்ளூயன்சர் ஆக்கினீர்கள். கோமோ ஏரிக்கரையில் பீட்சா தின்றாள். கொலோசியத்தின் முன் சைக்கிளுடன் நின்றாள். வெனிஸில் செல்ஃபி எடுத்தாள். தனக்கு வயது முப்பது, சற்றுக் கூடவும் இருக்கலாம் என்று அறிமுகம் வேறு. செலவு 90 லட்சம் யூரோ என்று செய்தித்தாள்கள் எழுதின. இத்தாலியின் அழகைக் காட்டும் காணொளியில் இளைஞர்கள் மது அருந்தும் காட்சி பக்கத்து நாடான ஸ்லொவேனியாவில் படமாக்கப்பட்டது என்று தெரிந்ததும் உங்கள் நாட்டவர்களே சிரித்தார்கள். அதை நான் மீண்டும் கிளறப் போவதில்லை.

தெய்வத்தை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று கூச்சலிடும் கட்சியும் நான் இல்லை. வீனஸை யாரும் விட்டுவைத்ததில்லை. 1480களில் பொட்டிசெல்லி அவளைத் தீட்டியபோதே, மார்பையும் இடுப்புக்குக் கீழும் கைகளால் மறைத்து நிற்கும் பழைய பளிங்குச் சிலைகளின் நிலையைத்தான் எடுத்துக்கொண்டார். 1538இல் வெனிஸ் ஓவியர் டிஷியன் அவளைக் கடலிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து, வெள்ளை விரிப்பில் படுக்க வைத்து, காலடியில் ஒரு நாய்க்குட்டியைச் சுருட்டி வைத்தார். அந்தப் படுக்கையிலேயே 1863இல் பிரெஞ்சு ஓவியர் மானே ஒரு பாரிஸ் விலைமகளைப் படுக்க வைத்தார். இரண்டாண்டு கழித்து அது காட்சிக்கு வந்தபோது பாரிஸ் கொதித்தது. 1984இல் அமெரிக்கக் கலைஞர் வார்ஹோல் பொட்டிசெல்லியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பளிச்சென்ற நிறங்களில் அச்சிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பானிய ஓவியர் டாலியின் கதை. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அவர் அமைத்த அரங்கின் முகப்பில் பொட்டிசெல்லியின் வீனஸை நிறுத்தி, அவளுக்கு மீன் தலை வைக்க விரும்பினார். ஏற்பாட்டாளர்கள் மறுத்துவிட்டார்கள். கோபம் கொண்ட டாலி, மனிதனுக்குத் தன் சொந்தப் பித்தின்மீது உரிமை உண்டு என்று ஓர் அறிக்கையே வெளியிட்டார். மேல்பாதி பெண்ணும் கீழ்ப்பாதி மீனுமாக இருந்தால் ரசிப்பார்களாம், தலைகீழாக்கினால் பொறுக்க மாட்டார்களாம். டாலி பக்கம்தான் நியாயம் என்பேன்.

அவளைத் தூது அனுப்பிய முதல் அரசும் உங்களுடையதன்று. 1930இல் லண்டனில் நடந்த இத்தாலியக் கலைக் கண்காட்சிக்கு முசோலினியின் அரசு அந்த ஓவியத்தையே கப்பலேற்றியது. நடுவழியில் புயல் வேறு. 1939இல் அவள் சான் ஃபிரான்சிஸ்கோ வரை போனாள். கலைச்செல்வத்தைப் பணயம் வைத்த ஆணவம் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அன்று சனங்கள் வரிசையில் நின்று பார்த்தது மூல ஓவியத்தை.

நீங்கள் அனுப்பியதில் அந்த ஓவியத்தின் எது மிஞ்சியிருக்கிறது? செல்ஃபி என்றாலே பார்ப்பவரின் கண்ணுக்குள் பார்ப்பதுதான். பொட்டிசெல்லியின் வீனஸ் நம்மைப் பார்ப்பதில்லை. தலை சற்றுச் சாய்ந்திருக்கிறது; பார்வை எங்கோ கடந்து போகிறது. ஏறக்குறைய 2.8 மீட்டர் அகலத் துணியில், ஆளுயரத்தில் நிற்கிறாள். ஆனால் நிற்கிறாளா என்பதே சந்தேகம். உடலின் பாரம் அவள் காலடியில் உள்ள சிப்பியின் நடுவில் இல்லை. உண்மையில் ஒருத்தி அப்படி நின்றால் கவிழ்ந்துவிடுவாள். கழுத்து நீளம், இடத்தோள் சரிவு, இரண்டும் எந்த மருத்துவரும் ஒப்பாத அளவு. இடப்பக்கம் காற்றுத் தேவன் கன்னம் உப்ப ஊதுகிறான். வலப்பக்கம் ஒருத்தி பூ வேலைப்பாடுள்ள போர்வையுடன் விரைகிறாள். கடலின் அலைகளோ சின்னச் சின்ன வளைகோடுகள், குழந்தை வரைந்தவை போல. சுற்றிலும் எல்லாரும் அவளுக்காக ஓடியாட, அவள் மட்டும் எதிலும் ஒட்டாமல் இருக்கிறாள். இந்த ஒட்டாமையைக் காணத்தான் மக்கள் அந்த ஓவியம் இருக்கும் ஃப்ளாரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் கூட்டமாக நிற்கிறார்கள். ஓவியத்தில் பிறந்த கணமே வருத்தம் தோய்ந்திருந்த முகத்தை நீங்கள் புன்னகைக்க வைத்துவிட்டீர்கள். மீன் தலையிலாவது ஒரு கற்பனை இருந்தது.

இதுவரை சொன்னது ரசனை பற்றிய சண்டை. ரசனைக்காக அமைச்சகத்துக்கு மடல் எழுதுவது வீண் வேலை. என் வழக்கு வேறு.

உங்கள் விளம்பரம் வெளிவந்த அதே 2023 ஏப்ரலில், சில நாட்கள் முன்னதாக, உங்கள் சக அமைச்சகமான பண்பாட்டு அமைச்சகம் அரசு அருங்காட்சியகப் படைப்புகளின் படங்களைப் பயன்படுத்துவோர் கட்ட வேண்டிய குறைந்தபட்சக் கட்டணங்களை நிர்ணயித்து ஆணை வெளியிட்டது. கண்டனம் எழுந்தபின் 2024இல் ஆய்வு வெளியீடுகளுக்கு விலக்கு வந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு இன்றும் அனுமதியும் கட்டணமும் உண்டு. 2022இல்தான் இதே வீனஸை ஆடைகளில் அச்சிட்டதற்காக ழான் பால் கோத்தியே என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்தின்மீது உஃபிசி வழக்குத் தொடுக்கப்போவதாக அறிவித்தது. டாவின்சி வட்டத்துக்குள் கைகால் விரித்து வரைந்த 'விட்ருவிய மனிதன்' படத்தைப் புதிர்ப்படமாக விற்ற ஜெர்மானிய நிறுவனத்தையும் வெனிஸ் நீதிமன்றம் வரை இழுத்தார்கள். இத்தாலியச் சட்டம் எல்லை தாண்டிச் செல்லாது என்று 2024இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பொட்டிசெல்லி இறந்தது 1510இல். அவருடைய பதிப்புரிமை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனாலும் சட்டையில் அச்சிட்டால் கண்ணியக் குறைவு, அரசு பீட்சா ஊட்டினால் நாட்டுப்பற்று என்று ஆகிறது. ஆடை தைப்பவன் செய்தால் குற்றம் என்பதை அரசு செய்தால் மட்டும் எப்படி விளம்பரம் ஆகும்? இந்தக் கேள்விக்கு உங்கள் அமைச்சகம்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறர் செய்யக் கூடாது என்பதைச் செய்து காட்டியது நீங்கள். இத்தாலியின் 10 சென்ட் நாணயத்தில் அவள் முகத்தைப் பொறித்து ஒவ்வொரு கடைக்காரர் கையிலும் கொடுத்ததும் உங்கள் அரசுதான்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் பழைய ஓவியங்களின் துல்லியமான படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எடுத்து எதில் வேண்டுமானாலும் அச்சிடுங்கள் என்கிறது, வணிகம் உட்பட. ரெம்பிராண்ட்டின் மதிப்பு அதனால் குறைந்ததாக எவரும் சொல்லவில்லை.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். பண்பாட்டு அமைச்சகத்துடன் பேசி, ஓவியர் இறந்து நூற்றாண்டுகள் கடந்த படைப்புகளின் படங்களுக்கு அனுமதியும் கட்டணமும் வேண்டாம் என்று சட்டத்தைத் திருத்த முன்முயற்சி எடுங்கள். அதுவரை, வீனஸை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும்போது வெளியார் கட்டும் அதே கட்டணத்தை உங்கள் அமைச்சகமும் உஃபிசிக்குக் கட்டி, ரசீதைப் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளம்பரம் பார்த்தும் ஃப்ளாரன்ஸ் வர ஆசை குறையாத ஒருவன்